ஜெரிஷுக்கு ஏறாத இரும்பு

குடல் அழற்சி ஜெரிஷை மஸ்கட்டிலிருந்து சொந்த ஊரான குலசேகரத்துக்கே திருப்பி அனுப்பியிருந்தது. மருந்தில் ரத்தப்போக்கு நின்றுவிட்டது. நிற்பதற்குள் உடம்பில் இருந்த இரும்பெல்லாம் போய்விட்டது. ரத்தம் ஏறினால் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகக் கம்பெனி சொல்லியிருந்தது, அதுவும் அடுத்த மாதத்துக்குள். டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

தங்கை லிஜி கல்லூரியில் உணவியல் படிக்கிறாள். அண்ணனின் குடல் அவளுக்குப் பரீட்சை மாதிரி ஆகிவிட்டது.

"இரும்பையும் கால்சியத்தையும் ஒண்ணா விட்டா ஒண்ணையொண்ணு தள்ளும். வயித்தால போனதுல துத்தநாகமும் போயிருக்கும், அதுக்கு மீனு. மாத்திரை நாலு மணிக்கு, வெறும் வயித்துல, எலுமிச்ச பிழிஞ்ச வெள்ளத்தோட. சாயா பக்கத்துலயே வரப்பிடாது, அது இரும்ப ஏற விடாது, கேட்டியா?"

"இது வயிறா, பஸ் ஸ்டாண்டா?" என்றான் ஜெரிஷ்.

இதற்குள் அம்மா ஜெபகுமாரி சர்ச்சில் ஜெபக்குறிப்பு கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சபைப் போதகரான ஐயர் மைக்கில் ஜெரிஷின் குடலுக்காகவும் இரும்புக்காகவும் உருக்கமாக ஜெபித்தார். திங்கட்கிழமையிலிருந்து சர்ச்சின் பெண்கள் ஐக்கியம் வீட்டுக்கே வந்தது. சரியாக நாலு மணிக்கு.

ஜெபம் முடிந்தால் சாயா. வந்தவர்கள் குடிக்கும்போது வீட்டுக்காரன் சும்மா இருக்க முடியாது. முதல் நாள் ஜெரிஷ் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். ஐக்கியத் தலைவி ஜெபமணி மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வாய் சாயா கூட எறங்கல்லியே மக்களே! அவ்வளவு முத்திப்போச்சா?"

மறுநாள் இரண்டு மடங்கு கூட்டம் வந்தது. அதற்குப் பிறகு ஜெரிஷ் ஆமென் சொன்னதும் மாத்திரையை வாயில் போட்டு, சாயாவை ஊற்றி இறக்கினான். லிஜி கதவோரம் நின்று பல்லைக் கடித்தாள்.

மறு பரிசோதனையில் ரத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மாத்திரைய எதோட போடுதிய?" என்றார். "சாயாவோட" என்றான் ஜெரிஷ். அடுத்த முறையும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி வழியாகத்தான் ஏற்ற வேண்டும் என்றார். அதற்குள் மஸ்கட் வேலை வேறொருவனுக்குப் போய்விடும்.

"அம்மா, நாளையில இருந்து அவங்க வரப்பிடாது" என்றாள் லிஜி.

"ஜெபிக்க வாறவங்கள வராண்டாம்னு சொல்லவா? அப்புறம் நான் சர்ச்சுல எந்த முகத்தோட இருப்பேன்?"

"வராண்டாம்னு சொல்லாண்டாம். ஆண்டவர் ஜெபத்தக் கேட்டாச்சு, அண்ணனுக்கு சொகமாயாச்சுன்னு சொல்லு."

"பொய் சாட்சியா, ஏட்டி?"

"பொய் இல்ல, அட்வான்ஸ் ஸ்தோத்திரம்."

ஜெபகுமாரி ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, மகன் சுகமாகிவிட்டதாகச் சாட்சி சொன்னாள். சபை அல்லேலூயா என்றது. கூட்டம் அடுத்த நாளே நின்றது. நாலு மணிக்கு வீட்டில் எலுமிச்சை பிழியும் சத்தம் மட்டும் கேட்டது.

இந்த முறை ரத்தம் ஏறியிருந்தது. கம்பெனி டிக்கெட் அனுப்பியது. அம்மாவின் பொய்யும் உண்மையானது. அவள் அழுதுகொண்டே, நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஜெபத்துக்கு எல்லோரையும் அழைத்துவிட்டாள்.

வீடு நிறைந்தது. ஜெபமணி மாமி சாயா கிளாஸோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"நாங்க வந்து ஜெபிச்சதுக்குப் பலன் கெடச்சுது பாத்தியளா? அடுத்தது நம்ம சபையில உள்ள எபிசன். அவனுக்கும் இதே குடல் தீனமாம், இதே இரும்பு மாத்திரையாம். நாளைக்கு நாலு மணிக்கு எல்லாரும் அங்க வந்துரணும்."

லிஜியால் பொறுக்க முடியவில்லை. "மாமி, போங்க, ஜெபிங்க. ஆனா அவன சாயா மட்டும் குடிக்க வைக்காதீங்க. மாத்திரைய ஒடம்புல ஏற விடாது."

மாமி அவளை இரக்கத்தோடு பார்த்தாள்.

"என்ன மக்களே சொல்லுத? ஒங்க அண்ணன் எங்ககூட இருந்து சாயா குடிச்சுத்தானே எழும்பினான்?"

எல்லோரும் ஜெரிஷைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள், சாட்சியைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்பதுபோல. ஜெரிஷ் சிரித்துத் தலையாட்டி, கையிலிருந்த சாயாவை ஒரே மூச்சில் குடித்தான். பிறகு காலி கிளாஸோடு லிஜியையும் இழுத்துக்கொண்டு அடுக்களைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"ஏட்டி, எபிசன் நம்பர் இருக்கா? நாளைக்கு நாலு மணிக்கு அவன் வீட்டுல இருக்கப்பிடாது."