இங்ரிட்டின் கண்ணுக்கு எந்தக் கிண்ணம்

பழைய இங்கிலீஷ் பட நடிகை இங்ரிட் பெர்க்மனை விருத்தாசலத்தில் முதலில் பார்த்தவள் நான்தான். இதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற பூர்ணிமாகூடச் சொல்லமாட்டாள். அவளிடம் எனக்கு ஆகாததே அதுதான். "தனக்கோடி அக்காதான் எனக்குக் காட்டுனாங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒப்பிப்பாள். ஒப்பித்து ஒப்பித்தே அந்தப் பொம்பளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், சண்டாளி.

எங்கள் தெருவுக்குப் புதுக் கேபிள்காரன் வந்தபோது கேட்காத சேனலெல்லாம் சேர்ந்து வந்தது. அதில் ஒன்று பழைய இங்கிலீஷ் படங்களாகவே போடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டு என் வீட்டுக்காரர் சாமிதுரை உருண்டுவிடுவார். ரிமோட் என் கைக்கு வருவது அப்போதுதான். நான் இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். அவர்கள் பேசினால் ஒரு எழவும் புரியாது.

"புரியாத படத்துல என்னாத்தடி பாக்குற?" என்பார் பாதித் தூக்கத்தில்.

"மூஞ்சிய பாக்குறேன். நீங்க தூங்குங்க."

என் பிழைப்பே மூஞ்சிதான். சுப்புராயன் முதலாளியின் செராமிக் ஷெட்டில் பொம்மைகளுக்குக் கண், புருவம், உதடு எழுதுகிறவள் நான். அந்தச் சேனலில் வந்த மூஞ்சிகளை ஒன்று விடாமல் பார்த்திருக்கிறேன். ஆட்ரி ஹெப்பர்ன் கழுத்தைத் திருப்பினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கிரேஸ் கெல்லி சும்மா நின்றாலே ராணி. ஆனால் அவர்களெல்லாம் தாங்கள் அழகு என்று தெரிந்த அழகிகள். இங்ரிட் அப்படியில்லை. புருவத்தை வழித்து வரைந்துகொள்ளாமல் இருக்கிறபடி விட்டிருப்பாள். அழும்போது வாய் கோணாது. கண்ணில் தண்ணீர் வந்து நிற்கும், கீழே விழாது. பார்க்கிற நமக்குத்தான் விழும். முதல் நாளே எனக்குத் தோன்றிவிட்டது, இவள் என்னுடையவள் என்று.

அதோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பூர்ணிமா என்று பி.ஏ. படித்த பெண் ஒன்று பெயின்டிங் வேலைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூர்ணிமா என் வீட்டுக்கே வந்து, என் பாயில் உட்கார்ந்து, நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு இங்ரிட்டைப் பார்த்தாள். அடுத்த மாதம் அவள் வீட்டிலும் அதே கேபிள். அதற்கடுத்து கடைவீதி பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார ஆரம்பித்தாள்.

"அவங்க ஸ்வீடன் தேசத்துக்காரங்க அக்கா. மூணு ஆஸ்கார் வாங்கிருக்காங்க."

"ஓகோ."

"இப்ப உயிரோட இல்லக்கா. எம்பத்திரெண்டாம் வருசமே போயிட்டாங்க."

பிரஷ் என் கையிலேயே நின்றுவிட்டது. என் வீட்டுச் சாவை யாரோ மூன்றாம் மனுஷி வந்து எனக்குச் சொல்வதா? நான் பாட்டுக்கு ஒவ்வொரு வாரமும் அவள் எங்கேயோ நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. அழுகை பாதி, பூர்ணிமாமேல் ஆத்திரம் பாதி. எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறதே!

அப்புறம் இங்ரிட்டின் படங்களை அச்சடித்து வந்து எங்கள் ஷெட் ஜன்னலில் ஒட்டினாள். எல்லாம் கருப்பு வெள்ளை. ஒட்டியது அவள், அதனால் எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

அந்தப் படங்களால்தான் வினையே வந்தது. பாண்டிச்சேரியிலிருந்து சக்கரபாணி என்று ஒருவர், தாடியும் ஜோல்னாப்பையுமாக, பூச்சாடி வாங்க வந்தார். ஜன்னலைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாருங்க இங்க இவங்களோட ரசிகை?"

"அக்காவும் நானும்" என்றாள் பூர்ணிமா. அக்காவும் நானும்! எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்டாள்.

சக்கரபாணி பாண்டியில் பழைய இங்கிலீஷ் படங்களைச் சேர்ந்து பார்க்கிற ஒரு கூட்டத்தின் ஆளாம். அடுத்த மாதம் இங்ரிட்டுக்காகவே ஒரு விழா. பெரிய திரையில் அவள் படம் ஒன்று போடப்போகிறார்கள். ஹால் வாசலில் வைக்க அவள் உருவத்தில் ஒரு பொம்மை செய்துகொடுக்க முடியுமா என்று முதலாளியிடம் கேட்டார். "மூஞ்சி எழுதுறவங்க வந்து எங்ககூட படம் பாக்கணும். ஆனா ஹால் சின்னது, ஒரு எடந்தான் ஒதுக்க முடியும்" என்றார்.

சுப்புராயன் முதலாளி சுலபமாகத் தீர்த்துவிட்டார். "ஒரே அச்சுல ரெண்டு பொம்ம ஊத்துவோம். ஆளுக்கு ஒண்ணு எழுதுங்க. சார் எத எடுக்குறாரோ அத எழுதுனவ போவட்டும்."

பெரிய திரை. என் வீட்டு டிவியில் அவள் மூஞ்சி ஒரு கைப்பிடி அளவு. அதிலும் குறுக்கே கோடு ஓடும். சுவர் அளவுக்கு அந்த மூஞ்சி, அந்தக் கண்ணில் நிற்கிற தண்ணீர்! பூர்ணிமா போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குக் கதை சொல்வாள் என்று நினைத்தாலே வயிறு பற்றிக்கொண்டது. அந்த இடம் எனக்குக் கிடைத்தே ஆகவேண்டும்.

பொம்மை நன்றாகத்தான் வந்தது. தோள்வரை உருவம், லேசாக அண்ணாந்த மூஞ்சி. சூளையில் முதல் சூடு போட்டு வெள்ளை வெளேரென்று இரண்டையும் எங்கள் முன்னால் வைத்தார்கள். நான் என் பொம்மைக்குக் கருப்பிலேயே தண்ணீர் கலந்து, தலைமுடிக்குச் சாம்பல் நிறம், உதட்டுக்கு அதைவிட இளசு என்று எழுதினேன். நான் பார்த்த இங்ரிட் அதுதான். பூர்ணிமா பழுப்பு முடி, ரோஸ் உதடு, பச்சைச் சட்டை என்று தேர்த் திருவிழாக் கடைப் பொம்மை மாதிரி ஆக்கிவைத்திருந்தாள்.

"அவங்க கண்ணு நெசத்துல நீலம் அக்கா. நெட்டுல போட்டிருக்குது."

"நீலக் கண்ணு பூனைக்குத்தான்டி இருக்கும். நான் எத்தன வாரமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா? கருப்பு."

"கருப்பு வெள்ளப் படத்துல எப்படிக்கா தெரியும்?"

ஷெட்டே சிரித்தது. என் உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசினது மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் மேசை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுதுகிற நீலமும் கருப்பும் சூளைக்குப் போகும்வரை பார்க்க ஒரே கருப்புதான். வெந்தால்தான் நீலம் நீலமாகும். அதனால் கிண்ணம் வைக்கிற இடம்தான் அடையாளம். நீலம் பீச்சாங்கைப் பக்கம், கருப்பு சோத்தாங்கைப் பக்கம். எல்லோரும் ஜன்னலைப் பார்த்து ஒரே வரிசையில் உட்காருவோம், இரண்டு பேருக்கு நடுவில் ஒரு ஜோடிக் கிண்ணம். இதுவரை ஒரு பிள்ளையாருக்குக்கூடத் தப்பு நடந்ததில்லை.

கண் எழுதுவது கடைசி வேலை. பூர்ணிமா என் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தாள். நான் இமை எழுதுகிற விதத்தைத் திருடப் பார்க்கிறாள் என்று பட்டது. "பாத்து எழுதுறியா? இரு" என்று பொம்மையைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். கிண்ணங்கள் நடுவில் இருந்தபடி இருந்தன. என் சோத்தாங்கைப் பக்கத்துக் கிண்ணத்தில் பிரஷை முக்கினேன். அதே நேரம் அவளும் அதே கிண்ணத்தில் முக்கினாள். இரண்டு பிரஷும் முட்டிக்கொண்டன.

"ஒனக்கு எல்லாத்துலயும் என்கூட வந்து முட்டணுமாடி?" என்றேன்.

அவள் என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, நீங்க..." என்று வாயெடுத்தாள்.

"பேசாத. என் வேலய நான் பாக்குறேன், ஒன் வேலய நீ பாரு."

அவள் தன் பொம்மைப் பக்கம் குனிந்துகொண்டாள். நான் என் உயிரைக் கொடுத்து அந்தக் கண்களை எழுதினேன். பளபளப்புக்காகக் கிளேஸில் முக்கியதும் பொம்மை முழுக்க மாவு பூசினதுபோல் மூடிக்கொண்டது. இனிமேல் சூளை திறந்தால்தான் தெரியும்.

சூளை திறந்த அன்று சக்கரபாணியே வந்திருந்தார். முதலாளி முதலில் பூர்ணிமாவுடையதை எடுத்தார். பச்சைச் சட்டை, ரோஸ் உதடு, நீலக் கண். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். "பரவால்லம்மா" என்றார் தாடிக்காரர். அடுத்து என்னுடையது வந்தது.

மூஞ்சி வெள்ளை. முடி சாம்பல். உதடு சாம்பல். அத்தனைக்கும் நடுவில் இரண்டு கண்களும் நீலம்.

போச்சு, எல்லாம் போச்சு. எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் என் சோத்தாங்கை அவள் பீச்சாங்கை அல்லவா? ஒரு பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடின அவசரத்தில் மேசை வழக்கத்தையே மறந்திருக்கிறேன்.

ஆனால் தாடிக்காரர் அதைக் கையில் வாங்கினார். பொம்மையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அப்படியும் இப்படியும் திருப்பினார். "கருப்பு வெள்ளையில வாழ்ந்தவங்கள கருப்பு வெள்ளையிலயே விட்டுட்டு, கண்ண மட்டும் நெசமாக்கிட்டீங்களே அம்மா! எப்படிங்க தோணுச்சு ஒங்களுக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பூர்ணிமாவைப் பார்த்தேன். பூனைக் கண்ணு என்று நான் கத்தினது அவள் காதிலும் இருக்கிறது, முட்டின பிரஷும் அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த இடம் அவளுக்குப் போய்விடும்.

"அக்கா மூஞ்சியப் பாத்தே எல்லாத்தையும் தெரிஞ்சிக்குவாங்க சார்" என்றாள்.

பாவி! போட்டு உடைத்திருந்தால் தலைமயிரைப் பிடித்துச் சண்டையாவது போட்டிருப்பேன். இப்போது என்னை ஜெயிக்க வைத்தது அவள் என்றாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கடலூர் பஸ் ஏறி, அங்கிருந்து பாண்டிக்கு மாறிப் போனேன். ஹால் வாசலில் என் பொம்மைக்குப் பூ வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் சுவரில் பெரிய கலர் போட்டோ ஒன்று. இங்ரிட் சிரித்துக்கொண்டிருந்தாள். கண் நீலம். எழுதினமாதிரி நீலம்.

எத்தனை வாரம் அவள் எதிரில் உட்கார்ந்திருப்பேன்? எனக்குக் காட்டாததை அந்தப் பூர்ணிமாவுக்குக் காட்டியிருக்கிறாள். செத்தவள்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். கருப்பு வெள்ளைதான். சுவர் முழுக்க அவள் மூஞ்சி. கன்னத்தில் இருக்கிற பூனைமயிர்கூடத் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு தடவை அவள் நிமிரும்போதும் எனக்கு நீலமாகவே தெரிந்து தொலைத்தது. கடைசியில் அந்த இடம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்து நின்றது. விழவில்லை. எனக்குக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்பினால் வரிசை முழுக்க மூக்கை உறிஞ்சுகிறார்கள். எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேனே! ஒரு பூர்ணிமாவுக்கே தாங்காதவள், ஹால் நிறையப் பூர்ணிமாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை ஷெட்டுக்குள் நுழையும்போதே ஒரு முடிவோடு போனேன். படத்தைப் பற்றி மேலாகச் சொல்லலாம். அந்தக் கண்ணீர் இடத்தை மட்டும் சொல்வதில்லை. போட்டோவையும் சொல்வதில்லை. இவ்வளவு பறிபோனபிறகு எனக்கென்று ஏதாவது மிஞ்ச வேண்டாமா?

பூர்ணிமா எனக்காக இடம் போட்டு வைத்திருந்தாள், பழைய வரிசையிலேயே. உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"இருந்துச்சு. பெருசா இருந்துச்சு."

"அழுதாங்களா? கண்ணுல தண்ணி வந்து நிக்குமே, கீழ விழாம? அது பெரிய ஸ்க்ரீன்ல எப்படிக்கா இருந்துச்சு? அத நெனச்சிதான் நேத்து பூரா உக்காந்திருந்தேன்."

நான் யாரிடமும் அதைச் சொன்னதே இல்லை. மற்றதையெல்லாம் கொட்டின நாளில்கூட அதை மட்டும் சொல்லவில்லை. இவளாகவே பார்த்திருக்கிறாள்.

"அழுவவே இல்லடி" என்றேன். "அந்தப் படத்துல அழுவுற சீனே கெடையாது."

பூர்ணிமா பிரஷைக் கீழே வைத்துவிட்டு என் மூஞ்சியை உற்றுப் பார்த்தாள். ஒரு பொம்மையைப் பார்ப்பதுபோல, நெற்றியிலிருந்து ஆரம்பித்து மெதுவாக.

"பொய் சொல்லாதீங்கக்கா. ஒங்க கண்ணு இன்னமும் வீங்கிக் கெடக்குது. அவங்க அழுவாம நீங்க ஏன் அழுவப்போறீங்க?"

சனியன். என்னையும் பார்த்து வைத்திருக்கிறாள்.