சொந்தத் தேவைகளுக்காக மன்றாடுவோம்

காலையில் எழுந்ததும் அவன் பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். குப்பைக் கூடையை வாசலில் வைத்தான். சவரம் செய்துகொண்டான், தாடையில் ஓர் இடம் விட்டுப்போயிருந்ததைப் பார்த்து மறுபடி நுரை போட்டான். பிறகு கூடத்தை ஒழுங்குபடுத்தினான். நடுவில் சவப்பெட்டி இருந்ததால் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ள வேண்டியிருந்தது. பெட்டிக்குள் அவன் மனைவி இருந்தாள்.

"ரெண்டு வாய் குடிங்க மாப்ள, ஆறிப்போகுது" என்றாள் மாமியார். மகளும் மருமகனும் ஞானஸ்நானம் வாங்கியபோது கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "உங்க சாமி நல்லாத்தான் இருக்காரு, ஆனா எனக்கு இந்த வயசுல முட்டி போட முடியாது" என்று சொன்னவள்.

அவன் குடித்தான். அப்போதுதான் ஆயரின் செயலர் வந்தார். இளம் குருவானவர். பெட்டியருகே நின்று ஜெபித்துவிட்டு அவனை ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார்.

"பிஷப்பே வந்து பூசை வைக்கறார். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து ஆள் ஒருத்தருக்கு அவர் வைக்கறது இதுதான் முதல் தடவை."

"சந்தோஷம் ஃபாதர்."

"ஒரே விஷயம். சங்கம் கிங்கம்னு கோயிலுக்குள்ள எதுவும் வேணாம். கொடி, கோஷம் ஒண்ணும் வேணாம். மன்றாட்டெல்லாம் நாங்களே எழுதிட்டோம், சிஸ்டர் வாசிப்பாங்க. நீங்களும் நம்ம ஆஸ்பத்திரி லேப்லதான் இருக்கீங்க. புரிஞ்சுக்குவீங்க."

"அவர் புரிஞ்சுக்குவார்" என்றாள் மாமியார், பெட்டியின் பக்கத்திலிருந்து. "படிச்சவர். என் பொண்ணுதான் எதுவும் புரியாமயே இருந்துட்டா."

செயலருக்கு அது பாராட்டா இல்லையா என்று தெரியவில்லை. அவன் சொன்னான்: "கொடி கிடையாது. கோஷம் கிடையாது. மத்தபடி நான் யார் வாயையும் மூட முடியாது ஃபாதர்."

"உங்களையே நம்பித்தான் பிஷப்கிட்ட சொல்லியிருக்கேன்" என்று செயலர் கிளம்பினார்.

மறைமாவட்டம் நடத்தும் ஆஸ்பத்திரி அது. அவள் அங்கே சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி போட்டாள். அவன் ரத்தம் பரிசோதித்தான். மறைக்கல்வி வகுப்புக்கு முதலில் போனவள் அவள்தான். எந்தக் காலத்திலோ ஒரு திருத்தந்தை தொழிலாளர்களைப் பற்றி எழுதிய சுற்றுமடலைப் பற்றி அங்கே கேள்விப்பட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "வேலை செய்யறவங்க சங்கம் வச்சுக்கலாமாம். அது அவங்க உரிமையாம். கோயிலே சொல்லுது."

"சொல்றது வேற, செய்யறது வேற" என்றான் அவன்.

"சொல்லிட்டாங்கல்ல. இனி எங்க ஓடுவாங்க?" என்று சிரித்தாள்.

அவன் மதம் மாறியது அந்தச் சிரிப்புக்காகத்தான். திருச்சபைமீது நம்பிக்கை பிறகு வந்தது. கொஞ்சமாக வந்தது. ஆயர் தவக்காலம்தோறும் நியாயமான கூலியைப் பற்றி அழகாகப் பிரசங்கம் செய்வார். கேட்டுவிட்டு வரும் வழியில் அவன் முணுமுணுப்பான். "இருங்க, இருங்க" என்பாள் அவள். "பேசிப் பேசியே ஒரு நாள் அவர் காதுல அவர் சொல்றது விழுந்துடும்."

சலவைக்கூடத்தில் சங்கம் தொடங்கினாள். நிர்வாகம் அப்படியொன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கடிதம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், பேச மட்டும் கூப்பிட மாட்டார்கள். அதற்குள் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிற்று.

கோயில் வாசலில் சலவைக்கூடத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். நீலச் சீருடை, முழங்கை வரை இஸ்திரிச் சூட்டின் தழும்புகள். மூத்தவளை எல்லாரும் பெரியக்கா என்பார்கள்.

"ரெண்டு பேருக்குத்தான் லீவுன்னு சொன்னாங்களே" என்றான்.

"சொன்னாங்க" என்றாள் பெரியக்கா. "நாங்க கேக்கல. ஆபரேஷன் துணி பூரா விடியக்காலையிலேயே முடிச்சு அடுக்கிட்டோம். அவ இருந்தா அதத்தான் முதல்ல கேப்பா. பெட்டிய இறக்குங்க, நாங்க தூக்கறோம்."

பூசை அமைதியாக நடந்தது. சிஸ்டர் மன்றாட்டுகளை வாசித்தார். திருச்சபைக்காக. நோயாளிகளுக்காக. இறந்தவளின் ஆன்மாவுக்காக. கடைசியில் ஆயர், "இப்போது நம் சொந்தத் தேவைகளுக்காக மன்றாடுவோம்" என்று சொல்லித் தலை கவிழ்ந்தார்.

அந்த இடத்தில் எல்லாரும் மனதுக்குள் வேண்டிக்கொள்வது வழக்கம். யாரும் சொல்லித்தருவதில்லை, பிறந்ததிலிருந்து கோயிலுக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். ஞானஸ்நானம் பெற்ற முதல் வாரம் அவளுக்குத் தெரியாது. சொல்லுங்கள் என்கிறார்கள், யாரும் சொல்லக் காணோமே என்று எழுந்து நின்று, "சலவைக்கூடத்துல ஞாயித்துக்கிழமையும் வேலை பாக்கறவங்களுக்காக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்றாள், கணீரென்று. கோயில் முழுக்கப் பழக்கதோஷத்தில் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. அவன் பெஞ்சுக்கடியில் போய்விடலாமா என்று பார்த்தான். வெளியே ஒரு பெரியவர், "அத மனசுக்குள்ள சொல்லணும்மா" என்றார். "மனசுக்குள்ள சொன்னா நீங்கல்லாம் எப்படிங்க பதில் சொல்லுவீங்க?" என்று கேட்டாள்.

இப்போது கோயில் மௌனமாக இருந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். பெரியக்கா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் எல்லாரும் பிறப்பிலேயே கத்தோலிக்கர்கள். அந்த மௌனத்தை உடைக்க அவர்களால் ஆகாது. பீடத்துக்குப் பக்கத்திலிருந்து செயலர் அவனையே பார்த்தார். லேப் சாவி பையில் இருந்தது. வாய் திறந்தால் நாளையே திருப்பிக் கேட்பார்கள்.

அவன் எழுந்தான்.

"ஆஸ்பத்திரி நிர்வாகம் சலவைக்கூடத்துச் சங்கத்தக் கூப்பிட்டு உக்காந்து பேசணும்" என்றான். குரல் அவனுக்கே யாருடையதோ போல இருந்தது. "அதுக்காக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

பதில் முதலில் நீலச் சீருடைகளின் வரிசையிலிருந்து எழும்பியது. கோயில் முழுக்கச் சேர்ந்துகொண்டது. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." செயலரின் உதடுகளும் அசைந்தன. அசைந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

ஆயர் மட்டும் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். படியிறங்கிப் பெட்டியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது ஆண்டவர்கிட்ட கேக்க வேண்டியது இல்ல" என்றார், ஒலிபெருக்கி இல்லாமல். "என்கிட்ட கேக்க வேண்டியது. பல தடவ கேட்டுட்டாங்க. நான்தான் காது குடுக்கல." பெட்டியின்மேல் கை வைத்தார். "நாளைக்குக் காலையில நானே சலவைக்கூடத்துக்கு வர்றேன். சங்கத்தோட உக்காந்து பேசறேன்."

"அங்க உக்கார நாற்காலி கிடையாது பிஷப் ஐயா" என்றாள் பெரியக்கா.

சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்னே வந்தது. மாமியாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப நின்னே பேசறேன்" என்றார் ஆயர்.

பெட்டியை வெளியே தூக்கியபோது அடக்கப் பாட்டைத்தான் ஆரம்பித்தார்கள். பாதியில் எவளோ ஒருத்தி ஈஸ்டருக்குப் பாடும் உயிர்ப்புப் பாட்டை எடுத்துவிட்டாள். யாரும் நிறுத்தவில்லை. கல்லறைத் தோட்டம் வரை அதையே பாடினார்கள், தோள் மாற்றி மாற்றி, நனைந்த துணி மூட்டைகளைத் தூக்கிப் பழகிய தோள்களில். முன்னால் போன ஆயர் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டியிருந்தது. அவ்வளவு வேகம்.

மண் போட்டு முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். ஆயர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா அவங்க, 'தந்தையே, உம் கையில என் ஆவிய ஒப்படைக்கிறேன்'னு சொன்னாங்களாமே, சிஸ்டர் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல சொல்லலாமா?"

"அது சிஸ்டர் அவ காதுல சொன்னது."

"அப்ப அவங்க?"

அவன் புதிய மண்ணைப் பார்த்தான். நேற்று முன்தினம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கண்ணைத் திறந்து, அவனை மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

"சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க. இப்படியேவா லேப்ல இருந்தீங்க?"