மஞ்சள் திரை போட்ட வண்டி

கிளட்ச் பிளேட் வந்து சேர்ந்ததை முதலில் பார்த்தவள் அம்சாதான். மெட்ராஸ் பஸ்ஸின் கண்டக்டர் ஷெட் வாசலில் இறங்கி, சாக்கில் சுற்றிய பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஷெட்டில் வண்டி ரிப்பேர் பார்க்கும் அவள் புருஷன் சக்கரபாணி பிரித்துப் பார்த்தான். "லைனிங் நல்லா அடிச்சிருக்கான். இப்பவே மாட்டிட்டா சாயங்காலம் வண்டி கெளம்பிடும்."

"வரலைன்னு சொல்லிடுங்களேன்."

"இன்னாது?"

"ரெண்டே நாளு. அப்பறம் வந்துடுச்சின்னு சொல்லிக்கலாம்."

சக்கரபாணி சிரித்தான். அவள் விளையாடவில்லை என்று புரிந்ததும் சிரிப்பை நிறுத்தினான். ஷெட்டின் ஓரத்தில் நின்றிருந்த வண்டியை ஒரு முறை பார்த்தான். பிறகு பொட்டலத்தைப் பழைய டயர்களுக்குப் பின்னால் வைத்தான்.

அந்த வண்டிக்குள் ஒரு வீடே இருந்தது. மடக்கி விரிக்கிற கட்டில், இரண்டு பேர் மட்டும் எதிரெதிரே உட்காரக்கூடிய மேஜை, அடுப்பு, ஜன்னல்களுக்கு மஞ்சள் திரை. ஹாலந்திலிருந்து வந்த ரூடியும் எல்சாவும் அதைக் கப்பலில் மெட்ராஸுக்கு வரவழைத்திருந்தார்கள். ரூடி டிராம் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கன்னியாகுமரிவரை போய், மேற்குக் கரையோரமாக வடக்கே ஏறுவது திட்டம். ஆனால் ஊர் சுற்றக் கிளம்பிய முதல் நாளே, திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் கிளட்ச் தேய்ந்து வண்டி நின்றுவிட்டது. சக்கரபாணி பிளேட்டைக் கழற்றிப் புது லைனிங் அடிக்க மெட்ராஸுக்கு அனுப்பினான். சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் விழுப்புரம் ஜங்ஷன் எதிரே ஒரு லாட்ஜில் தங்கினார்கள். தினமும் காலையில் பஸ் பிடித்து வந்து, "வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அம்சாவுக்குத் தை மாதம்தான் கல்யாணம் ஆனது. புகுந்த வீட்டில் இரண்டு அறை. அதில் மாமியார் வீரம்மாள், சக்கரபாணியின் அண்ணன், அண்ணி ராஜாமணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். ஆண்கள் மொட்டை மாடியில் படுத்தார்கள், பெண்கள் உள்ளே. பெரியவர்கள் முன்னால் சக்கரபாணி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பான். இல்லையென்றால் தொண்டையைக் கனைப்பான்.

வண்டி வந்த பிறகு, மத்தியானம் கேரியர் கொண்டு வருகிறவள் செருப்பைக் கீழே விட்டுவிட்டு அதில் ஏறினாள். மஞ்சள் திரையை இழுத்துவிட்டு இரண்டு பேரும் மேஜையில் சாப்பிட்டார்கள். உள்ளே இருக்கிற நேரம் முழுக்க அவன் "அம்சா, அம்சா" என்றான். உப்பு கேட்பதற்குக்கூட.

ராஜாமணி சும்மா இருப்பாளா? "ஏன்டி, சோறு குடுக்கப் போனவ மூணு மணிக்கு வர்ற. கேரியர் கழுவ மரக்காணம் கடலுக்கே போய்ட்டியா?"

"அவரு வேலை பண்ணிக்கினு இருந்தாருக்கா. சாப்பிட லேட்டாச்சு."

"லேட்டாச்சாம். மூஞ்சப் பாரு!"

பொட்டலத்தை மறைத்த நாளிலும் அம்சா வண்டியில் ஏறினாள். ஆனால் அன்று சோறு இறங்கவில்லை. யாரோ கதவைத் தட்டுவதுபோலவே இருந்தது. அடுத்த நாள் காலையில் ரூடியும் எல்சாவும் வந்து கேட்டபோது சக்கரபாணி தரையைப் பார்த்துக்கொண்டு கையை விரித்தான். அவன் அப்படித் தரையைப் பார்த்து நின்றது அவளால்தான்.

புதன்கிழமை எல்சா மட்டும் வந்தார். ரூடிக்கு வயிறு சரியில்லையாம். சித்திரை வெயிலில் நின்றுகொண்டே பஸ்ஸில் வந்ததில் முகம் சிவந்து கிடந்தது. அம்சா ஸ்டூலைப் போட்டு, சொம்பில் தண்ணீரும் தோலோடு அவித்த மல்லாட்டைக் கடலையும் கொடுத்தாள். எஸ்.எஸ்.எல்.சி. படித்த ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது. மெதுவாகப் பேசினால் புரிந்தது.

"நாளைக்குப் பௌர்ணமி" என்றார் எல்சா. "கன்னியாகுமரியில் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் சூரியன் இறங்கும், இன்னொரு பக்கம் நிலா ஏறும். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் ரூடியின் அப்பா அம்மாவோடு ஒரே அறையில் இருந்தோம். நடுவில் ஒரு அலமாரிதான் சுவர். அதன் முதுகில் அந்தக் கடற்கரைப் படத்தை ஒட்டி வைத்திருந்தோம். நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கிற, சக்கரம் வைத்த ஒரு வீட்டில் ஒருநாள் அங்கே போவோம் என்று ரூடி சொல்வார்."

அம்சா டயர்கள் இருந்த பக்கம் பார்த்தாள். "ரயில்ல போலாமே?" என்று எப்படியோ கேட்டாள்.

"லாட்ஜ்காரரும் சொன்னார். ஆனால் அந்த வீட்டில் போகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தோம்? உன் புருஷன் நல்ல மனுஷன். பிளேட் வந்தால் ஒரு நிமிஷம் சும்மா வைத்திருக்க மாட்டார்."

அம்சா எழுந்து டயர்களுக்குப் பின்னால் போனாள். பொட்டலத்தைச் சக்கரபாணியின் முன்னால் வைத்தாள். "மாட்டுங்க. ஜல்தியா மாட்டுங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். வெளியே வந்து பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினான். "பிளேட் கம், மேடம்! நவ் கம்!"

எல்சா குழந்தை மாதிரி கை தட்டினார். அம்சாவைக் கட்டிக்கொண்டார். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட அம்சா தாங்கியிருப்பாள்.

சாயங்காலம் ரூடியை அழைத்துக்கொண்டு எல்சா திரும்பி வந்தபோது வண்டி தயாராக இருந்தது. ரூடி முன்னால் ஏறி இன்ஜினைப் போட்டுப் பார்த்தார். எல்சா உள்ளே எதையோ தேடி எடுத்துக்கொண்டு இறங்கினார். திரை தைத்தது போக மிச்சமிருந்த மஞ்சள் துணி.

"உன் வீட்டு ஜன்னலுக்கு" என்றார்.

அம்சா கையை நீட்டவில்லை. வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. பின்னால் சக்கரபாணி தொண்டையைக் கனைத்தான்.

"மேடம், பிளேட் திங்கக்கிழமையே வந்துச்சு" என்று தெரிந்த ஆங்கிலத்தைக் கூட்டிச் சொன்னாள். "அவர் மேல தப்பில்ல. நான்தான் ஒளிக்கச் சொன்னேன். எங்களுக்குத் தனியா ரூம் இல்ல. உங்க வீட்டுல… மத்தியானத்துல…"

அதற்குமேல் அவளுக்கு ஆங்கிலம் இல்லை. தமிழும் இல்லை.

எல்சா அவளைப் பார்த்தார். திரும்பி, திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலைப் பார்த்தார். திட்டவில்லை. மஞ்சள் துணியை நான்காக மடித்து, உள்ளே எடுத்த இடத்திலேயே வைத்தார். ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒன்றும் தெரியாத ரூடி கையை ஆட்டிக்கொண்டே வண்டியை ரோட்டில் ஏற்றினார்.

"இன்னாத்துக்குச் சொன்ன?" என்றான் சக்கரபாணி. "சந்தோஷமாப் போயிருப்பாங்க."

"அந்தத் துணிய வாங்க முடியலீங்க."

மறுநாள் பௌர்ணமிக்குச் சாமி கும்பிட வீடே பெருமுக்கல் மலைக்குக் கிளம்பியது. மேலே கோயிலை நெருங்கும்போது ராஜாமணி மாமியாரையும் பிள்ளைகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு போனாள். போகிறபோது அம்சாவின் காதருகில், "மெதுவாவே வாங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பாறை மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மேற்கே சூரியன் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. கிழக்கே நிலா பெரிதாக மேலே வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

"அம்சா" என்றான் அவன்.

அவள் திரும்பவில்லை. "போய்ச் சேந்திருப்பாங்களா?"

சக்கரபாணி மனசுக்குள் ரோட்டை அளந்தான். "திருச்சி, மதுரைன்னு எங்கியும் நிக்காம, ராவெல்லாம் தூங்காம ஓட்டியிருந்தா சேந்திருக்கலாம்."

"தூங்கறதுக்குத்தாங்க அந்த வண்டியே" என்றாள் அம்சா.

அவன் அவள் கையைப் பிடித்தான். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் நிலாவையும் சூரியனையும் பார்க்காமல், தெற்குப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.