டன்பார் என்று எழுதிய அட்டை

1

இந்தக் கதை எனக்குச் செவ்வாய்க்கிழமை, எங்கள் தீவான ஐட்டுட்டாக்கியின் விமான நிலையத்தில் கிடைத்தது. பக்கத்துப் பெரிய தீவான ராரோடோங்காவிலிருந்து வரவேண்டிய புது மூக்குக் கண்ணாடியை வாங்கத்தான் போனேன். கண்ணாடியை மறந்துவிட்டுக் கதையோடு திரும்பினேன். பழைய கண்ணாடியில் எழுத்துகள் ஆடுகின்றன. கை வேறு பரபரக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "நீலக் கடலின் நடுவே ஒரு முத்தைப் போல அந்தத் தீவு..."

வேண்டாம். நேராக ஙாபோகோவிடம் போவோம்.

(தமிழில் 'ங'வுக்கு வேலையே இல்லை என்பவர்கள் எங்கள் தீவுக்கு வரவேண்டும். நான் வாத்தியாராக இருக்கும் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த எழுத்தில்தான் பெயர் தொடங்குகிறது.)

2

ஙாபோகோ பல வருடம் ஓட்டல் அடுப்படியில் மீன் சுட்டவள். இந்த வருடம் தம்பி துஆய்னேயோடு சேர்ந்து சொந்தப் படகு வாங்கிவிட்டாள். காயலைச் சுற்றிக் காட்டி, அதன் ஓரத்திலுள்ள ஒரு குட்டித் தீவில் இறக்கி, மீன் சுட்டுப் போடும் ஒருநாள் பயணம். முதல் முன்பதிவு டன்பார் என்ற பெயரில் வந்தது. இரண்டு பேர் என்றுதான் பதிந்தார்கள். போன வாரம், "ஒருவர் மட்டுமே வருவார்" என்று ஒரு செய்தி.

தலையில் பூவளையம், ஒரு கையில் மாலை, இன்னொரு கையில் டன்பார் என்று எழுதிய அட்டை என்று விமான நிலையத்தில் நின்றாள்.

"நேரா இருக்காடா?"

"எது, அட்டையா? உன் தலையா, அக்கா?" என்றான் துஆய்னே.

பெரிய கம்பெனி வேன் ஓட்டும் தமதோவா பக்கத்தில் வந்தான். "ஒரே ஒரு ஆளுக்கு இவ்ளோ பெரிய அட்டையா? அந்தாளு வானத்துலேயே படிச்சிருவாரே!"

"படிக்கட்டும். உன் வேன்ல எழுதியிருக்கறத அழுக்குல யாராலயும் படிக்க முடியல."

3

விமானம் இறங்கியது. முதல் ஆளாக நெட்டையான ஒருவர் வந்து அட்டைக்கு முன்னால் நின்றார். "நான்தான் டன்பார்." ஙாபோகோ மாலையைத் தூக்கினாள்.

கடைசி ஆளாக இறங்கிய வைக்கோல் தொப்பிப் பெண்மணி அங்கிருந்தே கத்தினார்: "நானும் டன்பார்தான்!"

(இங்கே "காலம் உறைந்து நின்றது" என்று எழுதியிருந்தேன். பொய். விமானத்தின் விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால்தான் அவர் கத்தினார். அதனால்தான் எல்லோருக்கும் கேட்டது.)

அப்புறம் அவர்கள் போட்ட சத்தத்தில் மிச்சமும் தெரிந்துவிட்டது. புருஷன் பெண்டாட்டி. சேர்ந்திருந்தபோது பதிந்த பயணம். பிறகு பிரிந்துவிட்டார்கள். மற்றவர் வரமாட்டார் என்று இருவருமே நினைத்திருக்கிறார்கள். விமானத்தில் அவர் முன்வரிசை, அவள் கடைசி வரிசை. பார்த்தும் பார்க்காதது மாதிரி வந்திருக்கிறார்கள்.

4

என் முதல் பிரதியில் டன்பார் கெட்டவர். கதைக்கு அது வசதி. ஆனால் பெட்டிகள் வந்தபோது அவர் பழக்கதோஷத்தில் அவளுடைய பெட்டியையும் எடுத்துவிட்டார். கையைப் பார்த்தார். பெட்டியை இரண்டு பேருக்கும் நடுவில் மெதுவாக வைத்தார். அதற்கப்புறம் அவரைக் கெட்டவராக எழுத எனக்கு வரவில்லை.

"இந்தப் பயணத்தைக் கண்டுபிடிச்சது நான்" என்றாள் மனைவி.

"பதிவு செஞ்சது நான்."

தமதோவாவுக்குக் கொண்டாட்டம். "யாராவது ஒருத்தர எங்கிட்ட அனுப்பு ஙாபோகோ. வேன்ல இடம் நிறைய இருக்கு."

"அனுப்பிரு அக்கா," துஆய்னே காதோரம் சொன்னான். "மொத நாளே சண்டை வேணாம். ஊரு பூரா பேசும்."

ஙாபோகோவின் முகம் சிவந்தது. எத்தனை வருடக் கனவு! அழுதுவிடுவாளோ என்று நினைத்தேன். அவளோ மாலையை அந்த அம்மாள் கழுத்தில் போட்டாள். தன் தலையிலிருந்த பூவளையத்தைக் கழற்றி, எம்பி, டன்பார் தலையில் வைத்தாள். அது வழுக்கிக்கொண்டு இரண்டு காதிலும் வந்து நின்றது. மனைவி சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை.

"இங்க பாருங்க," என்றாள் ஙாபோகோ. "என் படகுக்கு முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு இருக்கு. ஆளுக்கொண்ணு எடுத்துக்கங்க. நடுவுல நான். சண்டை போட்டா மீன் தீஞ்சிரும். வாங்க, வண்டில ஏறுங்க!"

ஏறினார்கள்! விமான நிலையமே கை தட்டியது. தமதோவா விசிலே அடித்தான்.

5

முடிவு அ: காயலின் நடுவில் கைகோத்துக்கொள்கிறார்கள். இதைப் போனில் வாசித்துக் காட்டினேன். "வாத்தியாரே, நான் படகுக்காரி, பாதிரியார் இல்ல" என்றாள் ஙாபோகோ.

முடிவு ஆ: கரைக்கு வந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள்.

"ஐயையோ, என் சாப்பாடு நல்லா இல்லன்னு நினைப்பாங்க. எழுதாதீங்க."

"நிஜமா என்னதான் நடந்துச்சு?"

"ரெண்டு பேரும் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாங்க. அப்புறம் மணல்திட்டுப் பக்கமா நடந்து போனாங்க."

"சேர்ந்தா?"

"நான் தட்டு கழுவிட்டிருந்தேன் வாத்தியாரே!"

6

இதை முடிக்கப் போகும்போது மறுபடி ஙாபோகோவின் போன். எடுத்ததும் ஒரே கூச்சல்.

"நாளைக்கும் வேணுமாம்! இப்பத்தான் செய்தி வந்துச்சு! சரின்னு மூணு தடவ அனுப்பிட்டேன்!"

"யாருக்கு?"

"டன்பாருக்கு!"

"எந்த டன்பாருக்கு? எத்தனை பேருக்கு?"

துஆய்னே எங்கோ பின்னால் விழுந்து விழுந்து சிரிப்பது மட்டும் கேட்டது.

"கேக்கவே இல்லையே!" என்றாள்.

திரும்பக் கேட்கச் சொன்னேன். மாட்டாளாம். காலையில் படகுத்துறையில் போய் நின்றால் தெரிந்துவிடப் போகிறது என்கிறாள். நானும் போகிறேன். நான் எழுதுகிற இந்த நேரத்தில் அந்தக் காலை இன்னும் வரவில்லை. நீங்கள் படிக்கிற நேரத்தில் வந்து போயிருக்கும். ஆகவே அந்தப் படகுத்துறைக்கு என்னைவிட நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். சாலை வளைவைப் பாருங்கள். யாரோ வருகிற மாதிரி இல்லை? ஒருவரா, இரண்டு பேரா?