இடக்கையால் செய்த யானை

முற்றத்தில் பறை அடிக்கத் தொடங்கியபோது கனகலிங்கம் குசினிக்குள் அடுப்பருகே நின்று, கழுவிக் காயவைத்த யோகட் கப்புகளைச் சொப்பிங் பையோடு நெல்லுச் சாக்குக்குள் திணித்துக்கொண்டிருந்தார். வெளியே பந்தலின் கீழ் அவருடைய மனைவி சுமித்திரா பெட்டிக்குள் கிடந்தாள். கொள்ளி வைக்க வேண்டிய மனிசன் குசினியில் நின்று கள்வனைப் போல எதையோ ஒளிக்கிறான் என்று யாரும் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கணம் யோசித்தார். நினைத்தால் நினைக்கட்டும். நெல்லைக் கையால் இழுத்து மேலே மூடினார்.

"அண்ணை..."

வாசலில் றிஸ்பா நின்றாள். சுமித்திராவோடு நேசறியில் ஊர்ச் சிறுபிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற பெண். அழுது முகம் வீங்கி, முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரீச்சர் கழுவிச் சேர்த்து வச்ச யோகட் கப்புகள் எங்கை அண்ணை? பிள்ளையளுக்கு யானை செய்யிறதுக்கு எண்டு சொன்னவா. சனத்துக்குள்ளை ஆரும் எறிஞ்சிடப்போயினம், அதுதான்..."

"எனக்குத் தெரியாது பிள்ளை. எறிஞ்சிருப்பினம்."

"பத்திரமா இருக்கெண்டு ரீச்சர் சொன்னவாவே."

"சொன்ன மனிசி அந்தா கிடக்கிறா. போய்க் கேள்."

அவள் முகம் சுருங்கிப்போய் விலகினாள். கனகலிங்கத்துக்கு அதில் ஒரு சின்னச் சந்தோசம் வந்தது, வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. ரீச்சர் கழுவிச் சேர்த்து வைத்தாவாம்! கழுவியது யார்? அந்தக் கப்புகளில் ஒன்றைக்கூடச் சுமித்திரா கழுவவில்லை. கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் கிடந்தவள் எதைக் கழுவுவது?

அவளுக்கு வயிற்றில் வந்தது தீராத வருத்தம். மருந்து ஏற்றி ஏற்றிக் கடைசியில் சோறு போய், கஞ்சி போய், குளிரான யோகட் மட்டும்தான் தொண்டைக்குள் இறங்கும் என்றாகிவிட்டது. இராமுழுக்க யானைக்கு வயல் காவல் இருந்துவிட்டுக் காலையில் வந்த கையோடு கனகலிங்கம் சைக்கிளை எடுத்து ஒட்டுசுட்டான் சந்திக்குப் போய் வாங்கி வருவார். அவள் இரண்டு மூன்று கரண்டி எடுப்பாள். மீதியை அதே கரண்டியால் அவர் சாப்பிடுவார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர்கள் ஒரு கரண்டியில் சாப்பிட்டதே இல்லை. அவள் சாகப்போகிறாள் என்பது தெரியும். தெரிந்தும் அந்த நேரம் அவருக்குப் பிடித்திருந்தது. வீட்டில் வேறு யாருமில்லை, அவள் வேறு எங்கும் போக முடியாது, அவளுக்கு அவர் மட்டும்தான்.

"கப்பை எறியாதேங்கோ, கழுவி வையுங்கோ" என்று அவள் முதல் தரம் சொன்னபோது மனிசனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அவளுக்கும் இது பெரிதாகத்தான் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, குசினி யன்னலில் கவிழ்த்து வைத்தார். ஒரு கிழமை கழித்துத்தான் காரணம் வெளியே வந்தது.

"பிள்ளையளுக்கு ஆளுக்கொண்டு வேணும். யானைத் தலை செய்யப்போறம்."

கனகலிங்கத்துக்கு வயிறு பற்றி எரிந்தது.

அந்த எரிவு பழையது. இருவருக்கும் பிள்ளை பிறக்கவில்லை. அவள் நேசறிக்குப் போய் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டாள். அவளுடைய குறை தீர்ந்துவிட்டது. அவருடைய குறை வீட்டிலேயே இருந்தது. பின்னேரம் வந்தாலும் வாயில் அந்தப் பிள்ளைகளின் கதைதான், கையில் மட்டையும் மாப்பசையும் கத்தரிக்கோலும்தான். நேசறிச் சுவரை அவள் எவ்வளவு வடிவாக வைத்திருக்கிறாள் என்று ஊரே சொல்லும். கனகலிங்கம் ஒருநாளும் அந்தப் படலைக்குள் கால் வைத்ததில்லை. அவளைக் கூட்டிப்போகப் போனாலும் றோட்டிலேயே நின்று சைக்கிள் மணியை அடிப்பார்.

அவளுக்கு அவரால் ஆகிற காரியம் ஒன்றே ஒன்று இருந்தது. புதிதாக எதையாவது செய்விக்க யோசித்தால் முதலில் அவரைப் பாயில் இருத்துவாள்.

"இடக்கையாலை செய்யுங்கோ."

"ஏனப்பா, வலக்கை இருக்கத்தக்கதாய்?"

"நாலு வயசுப் பிள்ளையின்ரை கை உங்கடை இடக்கை மாதிரித்தான். உங்களுக்கு வந்தால் அதுகளுக்கு வரும்."

மண்வெட்டி பிடித்துக் காய்த்த மனிசனின் இடக்கை எப்படி மடிக்கும், எப்படி ஒட்டும்? மீனுக்கு வால் தலையில் வரும். வண்ணத்துப்பூச்சி ஒரு பக்கம் சரியும். வலக்கை பொறுக்காமல் உதவிக்கு எழும்பும். அவள் பக்கத்தில் இருந்து அந்த வலக்கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்து அமத்திக்கொள்வாள். கண் மட்டும் அவருடைய இடக்கையிலேயே நிற்கும். எந்த இடத்தில் விரல் தடுமாறுகிறதோ அந்த இடத்தை மாற்றுவாள், பெரிதாக்குவாள், சில நேரம் முழுதாகவே கைவிடுவாள். முடிந்ததும் அவர் செய்த கோணலைத் தன் பைக்குள் போடுவாள். அது எங்கே போகும்? அடுப்புக்குத்தான் என்று அவர் நினைத்திருந்தார்.

முந்தாநாள் பின்னேரமும் அப்படித்தான். தலையணையில் சாய்ந்தபடி ஒரு கடதாசித் துண்டை நீட்டினாள். யானைக்குத் தும்பிக்கை. முன்னுக்கு ஒரு மடிப்பு, பின்னுக்கு ஒரு மடிப்பு.

"இந்த மடிப்பு வந்தால்தான் நாளைக்குப் பிள்ளையளின்ரை விரல் பென்சிலுக்கு வளையும். செய்து பாருங்கோ."

"ராவெல்லாம் வயலிலை யானை. வீட்டுக்கு வந்தாலும் யானையோ?"

அவள் சிரித்தாள். சிரித்த களைப்பில் கண்ணை மூடித் திறந்தாள். "மடியுங்கோ."

"உமக்கு என்னோடை கதைக்க வேறை ஒண்டும் இல்லையே? இந்த நேரத்திலையும் அதுகள்தானே?"

அவர் கடதாசியைக் கசக்கிக் கட்டிலுக்குக் கீழே எறிந்துவிட்டு வயல் காவலுக்குப் போனார். விடியப்புறம் வந்து பார்த்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

இப்போது பந்தலுக்குள் பிள்ளைகள் வந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டையும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக, ஆளுக்கொரு பூவோடு, பெட்டியைச் சுற்றி நின்று ஓவென்று அழுதார்கள். அவருக்கு இன்னும் அழுகை வரவில்லை. பெற்றவள் செத்ததுபோல இதுகள் அழுகிறதே என்று பார்க்கப் பார்க்க ஆத்திரமாக இருந்தது. சனமும் அவரை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குத்தான் ஆறுதல் சொன்னது. ஒரு சின்னப் பெட்டை மட்டும் அழுகையை நிறுத்தி அவருடைய கைகளை உற்றுப் பார்த்தாள்.

"நீங்களோ இடக்கை மாமா?"

"போ பிள்ளை, அங்காலை போ."

வாய்க்கரிசி போட்டு முடிந்தது. பெண்கள் படலையோடு நின்றுவிட, பெட்டியைக் காவிக்கொண்டு ஆண்கள் நடந்தார்கள். கொள்ளிச் சட்டியோடு கனகலிங்கம் முன்னுக்குப் போனார். சுடலைக்குப் போகிற வழியில்தான் நேசறி. அந்த இடத்துக்கு வந்ததும் காவியவர்கள் தோள் மாற்றுவதற்கு நின்றார்கள். அங்கேயுமா என்று அவருக்குப் பல்லைக் கடிக்க வேண்டும்போல இருந்தது.

றிஸ்பா குறுக்கு ஒழுங்கையால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முந்தி வந்து படலையைத் திறந்து வைத்திருந்தாள். அரைச்சுவர்க் கட்டடம். றோட்டில் நின்றாலே உள்ளே எல்லாம் தெரியும். இத்தனை வருசம் றோட்டில் நின்ற மனிசன் ஒருநாளும் தலையைத் திருப்பிப் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தார்.

நடுச்சுவரில், எல்லாவற்றுக்கும் மேலே, தலையில் வால் முளைத்த மீன் இருந்தது. பக்கத்தில் ஒரு பக்கம் சரிந்த வண்ணத்துப்பூச்சி. கூரை கவிழ்ந்த வீடு. மூன்று கால் ஆடு. ஒவ்வொன்றின் கீழும் சுமித்திராவின் உருண்டைக் கையெழுத்து: மாமா செய்தது. அவற்றுக்குக் கீழே பிள்ளைகள் செய்தவை வரிசையாக, எல்லாமே அவருடையதைவிட வடிவாக இருந்தன.

"இதுகளை என்னத்துக்கு இஞ்சை..." என்றார். ஊர் முழுக்கப் பார்த்துச் சிரிக்க வைத்திருக்கிறாளே என்றுதான் முதலில் பட்டது.

"ரீச்சர் தன்ரை கையாலை செய்ததை ஒருநாளும் காட்டமாட்டா அண்ணை. காட்டினால் பிள்ளையள் 'எனக்கு வராது' எண்டு கையைக் கட்டிக்கொண்டு இருந்திடுங்கள். உங்கடையைத்தான் காட்டுவா. அதுகள் பாத்துச் சிரிக்குங்கள். சிரிச்சுப்போட்டு, நான் இதைவிட வடிவாச் செய்வன் எண்டு உடனை இருந்திடுங்கள்." றிஸ்பா மூக்கை உறிஞ்சினாள். "இடக்கை மாமா இண்டைக்கு என்ன செய்தவர் எண்டுதான் அதுகள் காலமை வந்தவுடனை கேக்கிறது."

"அவ செய்தது ஒண்டும் இல்லையே இதுக்குள்ளை?"

"ஒண்டுமில்லை அண்ணை."

அவர் திரும்பவும் தேடிப் பார்த்தார். உண்மைதான். எந்தச் சுவரை நினைத்து இத்தனை காலம் வயிறெரிந்தாரோ அந்தச் சுவரில் அவள் இல்லை, அவர்தான் இருந்தார். இதை ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது. ஒருநாளாவது உள்ளே வந்திருக்கலாமே என்றும் வந்தது. காவியவர்கள் தோள் மாற்றி முடித்து, "நடவுங்கோ அண்ணை" என்றார்கள். நடந்தார். சுடலையில் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்றார்கள், அப்படியே வந்தார்.

குளித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது வந்த சனத்தில் பாதி கலைந்திருந்தது. கழுவிவிட்ட நிலம் இன்னும் காயவில்லை. அவர் நேரே குசினிக்குப் போய் நெல்லுச் சாக்குக்குள் கையை விட்டுப் பையை வெளியே இழுத்தார். கப்புகளுக்குள் போயிருந்த நெல்லை ஒவ்வொன்றாகத் தட்டிக் கொட்டினார். ஒரே ஒரு கப்பை மட்டும் யன்னலில் திருப்பி வைத்தார். அதை யார் கேட்டாலும் கொடுக்கப்போவதில்லை. மற்றதையெல்லாம் பையில் கட்டிச் சைக்கிள் காண்டிலில் கொழுவினார். காலையில் சந்திப் பக்கம் போகாமல் மற்றப் பக்கம், நேசறிக்குப் போக வேண்டும்.

பிறகு அறைக்குள் குனிந்து கட்டிலுக்குக் கீழே துழாவினார். கசக்கிய கடதாசி மூலையில் கிடந்தது. பாயை விரித்து இருந்து, அதைத் தொடையில் வைத்துத் தேய்த்து நிமிர்த்தினார். முன்னுக்கு ஒரு மடிப்பு. பின்னுக்கு ஒரு மடிப்பு. மூன்றாவதில் இடக்கை விரல்கள் தடுமாறிக் கடதாசி நழுவிப்போயிற்று. அந்த இடத்தில் பிள்ளைகளுக்கும் நழுவும். துண்டைக் கொஞ்சம் அகலமாக வெட்ட வேண்டும் என்று றிஸ்பாவிடம் சொல்ல வேண்டும்.

வலக்கை உதவிக்கு எழும்பியது. அவர் அதைத் திருப்பிக் கொண்டுபோய், பாயில் அவள் வழக்கமாக இருக்கிற பக்கத்தில், உள்ளங்கை மேலே தெரிய வைத்துவிட்டு, மற்றக் கையால் மடிக்கத் தொடங்கினார்.