பிரேக்கைப் பிடித்திருந்த புரதம்

பி செல்லைப் பற்றித் தன்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் திருவாரூர் வட்டாரத்திலேயே கிடையாது என்று ரிஃப்கா நம்பிக்கொண்டிருந்தாள். அந்த வட்டாரத்தில் யாரும் பி செல்லைப் பற்றி விசாரித்ததில்லை என்பது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

கிருமியை எதிர்க்கும் பொருளைத் தயாரிக்கிற ரத்த அணு அது. அதன் உட்கருவில் இருந்துகொண்டு, எந்த மரபணு வேலை செய்யலாம், எது கூடாது என்று தீர்மானிக்கும் புரதங்களில் ஒன்றைத்தான் அவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தாள். அந்தப் புரதத்தை எடுத்துவிட்டால், கிருமி வந்து தட்டினாலும் செல்லுக்குள் சமிக்ஞை எழாது. இது ரிஃப்காவின் கொள்கை. சோதனை முடியுமுன்பே தஞ்சாவூர்க் கருத்தரங்குக்குப் போஸ்டரும் அடித்தாயிற்று. நாகூரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்த தம்பி ஷஹ்பாஸ், கல்யாண சீசனுக்கு முன்னால் முடித்துவிட அவசரப்பட்டான். வரைபடத்துக்கு மட்டும் இடம் விட்டு, தலைப்பை முழ உயரத்துக்குப் போட்டான்: ‘இப்புரதம் இன்றேல் சமிக்ஞை இல்லை.’

சமிக்ஞை எழுந்தால் ஒளிரும் சாயத்தைச் செல்களில் ஏற்றிப் பார்த்தாள். புரதம் இல்லாத செல்கள்தான் பளிச்சென்று ஒளிர்ந்தன.

முதலில் கரண்டைச் சந்தேகப்பட்டாள். பிறகு சாயத்தை. பிறகு பக்கத்து மேசை அனுராதாவை. தன்னைச் சந்தேகப்படும் முறை கடைசியில்தான் வந்தது. எந்தக் குழாயில் எது என்று தனக்கே தெரியாதபடி அனுராதாவைக் கலக்கித் தரச் சொல்லி மறுபடி செய்தாள். அதே ஒளி.

நெறியாளர் ஜெக்கரியா வரைபடத்தைப் பார்த்தார். “பிரேக் போடுற மரபணுக்களை அதுதான் வேலை செய்ய வச்சிருக்கும்மா. அதை எடுத்ததும் பிரேக் போச்சு. அந்த மரபணுக்களை அளந்து பாருங்க.”

“ரெண்டு வருஷமா அதை ஆக்ஸிலரேட்டர்னு சொல்லிட்டிருந்தேன் சார்.”

“நானும் தலையாட்டிட்டுதானே இருந்தேன்.”

அளந்தாள். அவர் சொன்னது சரி.

“புதுசா அடிக்க நேரமில்ல லாத்தா. ஒரு வார்த்தைதானே, ஸ்டிக்கர் ஒட்டிடலாம்” என்றான் ஷஹ்பாஸ். ‘இல்லை’யின் மேல் ‘அடங்காது’ ஏறி உட்கார்ந்தது. நிறம் பொருந்தவில்லை.

“பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சிடுமேடா.”

“இதை யாரு லாத்தா படிக்கப்போறா?”

தஞ்சாவூரில் எல்லோரும் படித்தார்கள், ஸ்டிக்கரை மட்டும். நடுவராக வந்த பேராசிரியை ஞானாம்பாள் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

“இதுக்கு அடியில என்னங்க?”

“நான் முதல்ல நம்பினது மேடம். தப்பாப் போச்சு.”

“எப்படித் தெரிஞ்சது? சொல்லுங்க.”

மனப்பாடம் செய்து வந்த பேச்சு மறந்துபோனது. கரண்டு, சாயம், அனுராதா என்று நடந்ததை வரிசையாகச் சொன்னாள். அடுத்த போஸ்டரருகே நின்ற அனுராதா திரும்பினாள்.

“என்னையா சந்தேகப்பட்ட?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஞானாம்பாள் சிரிக்கவில்லை. “எங்களுக்கும் இப்படி ஒரு ரிசல்ட் வந்துச்சு. மெஷின் கோளாறுன்னு ஒதுக்கிட்டோம். திரும்ப எடுத்துப் பாக்கணும்” என்றார்.

பரிசு வேறு யாருக்கோ போயிற்று.

திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. அனுராதா கேட்டாள்: “அடுத்து அந்தப் புரதத்தோட அளவைக் கூட்டிப் பாக்கப்போறியே, என்ன வரும்னு நினைக்கிற?”

ரிஃப்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “சிக்னல் படுத்துடும். சந்தேகமே வேண்டாம்” என்றாள்.