ஒரு வரிக்கு இடமில்லை

சிறுதானியப் பொட்டலங்களின் முதுகில் எழுதுவதுதான் என் பிழைப்பு. நார்ச்சத்து நிறைந்தது, மெதுவாகச் செரிக்கும், சர்க்கரை சட்டென்று ஏறாது, இரும்புச்சத்து உண்டு என்று கம்புக்கும் சாமைக்கும் கை வலிக்காமல் புகழ்பாடுவேன். அத்தனையும் உண்மைதான். இதற்காகவே என் அண்ணன் என்னைப் "புலவரே" என்று கூப்பிடுவான்.

கம்பு, சாமை, தினை கலந்த மாவு ஒன்று போன வருடம் புதிதாக வந்தது. அதற்குக் கடைசி வரியாக, "மருந்து மாத்திரைகளை நிறுத்த வேண்டாம்" என்று எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகும் நாளில் முதலாளி வந்து நின்றார்.

"படம் கொஞ்சம் பெரிசா வரணும். ஒரு வரியத் தூக்கிடும்மா."

எந்த வரி என்று அவர் சொல்லவில்லை. "சுவையோ சுவை" என்று ஒரு வெட்டி வரி அங்கேயே பல்லிளித்துக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு, பொட்டலத்தில் மாத்திரைப் பேச்சு எதற்கு, வாங்குகிறவன் பயந்துவிடுவான் என்று இதைத் தூக்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் இரண்டு பொட்டலங்களை அண்ணனுக்குத்தான் கொடுத்தேன். அவனுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை வியாதி. தையல்காரன், நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. ஒரு வேளைச் சோற்றை விட்டுவிட்டு அந்த மாவில் கஞ்சி குடித்தான். இரண்டு மாதத்தில் சர்க்கரை இறங்கியது. மாத்திரையும் சேர்ந்துதான் இறக்கியது. அவனோ கஞ்சிக்கே முழு மார்க்கையும் போட்டு, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டான். மிஷின் மிதிக்கும் வலது காலில் ஒரு கொப்புளம் வந்து உடைந்திருக்கிறது. அவனுக்கு வலிக்கவே இல்லை. நாற்றம் வந்த பிறகுதான் அண்ணி பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" என்று கத்தினார். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானாத்தான் சார்" என்றான்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்.

மாற்றுத்துணி எடுக்க அவன் வீட்டுக்குப் போனேன். தையல் மிஷினுக்கு மேலே, சுவரில், நான் எழுதிய பொட்டலத்தின் பின்பக்கம். ஓரம் பிசிறில்லாமல் வெட்டி, நான்கு மூலையிலும் குண்டூசி குத்தியிருந்தான். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலை அவனை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோக ஆட்கள் வந்தார்கள். அண்ணி கதவோரம் நின்றாள்.

"டாக்டரே சொன்னாலும் இன்னொரு டாக்டரக் கேக்கற மனுஷன். நீ எழுதினதுன்னா மட்டும் அப்படியே நம்புவாரு."

திட்டியிருந்தால் தேவலை.

அண்ணன் என் கையைப் பிடித்தான்.

"புலவரே, அழாத. உன் மேல தப்பில்ல. மாத்திரைய நிறுத்துன்னு நீ எங்கயும் போடல."

"அண்ணா..."

"நிறுத்தக் கூடாதுன்னு போட்டிருக்கான்னும் ரெண்டு தடவ தேடிப் பாத்தேன். இல்ல. அப்புறந்தான் நிறுத்தினேன்."

அந்த வரி இருந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.